முதல் நாளே அடி வாங்கிய ரிக்கார்டர்

‘மூர்க்க குணமுடையவர். பணியிலிருந்த காவலாளிகள் மூவரை இரும்பு ஆயுதத்தால் தாக்கியதோடு, தகாத வார்த்தைகளால் கூச்சலிட்டார்’ என்று புகார்த்தாள் வர்ணித்த ஆசாமியின் எடை நாற்பத்தெட்டு கிலோ. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கரப்பான்பூச்சியை அடிக்கவும் மனைவியைத்தான் கூப்பிடுவார். கடையில் அவருக்குப் பூனை என்று பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இரும்பு ஆயுதம் என்பது உள்ளங்கையளவு ரிக்கார்டர். கச்சேரிகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வது ஒன்றுதான் பூனையின் கெட்ட பழக்கம். பழைய கருவி மண்டையைப் போட்டதால் புதிது வாங்கி, அன்று காலை சமையலறையில் சோதித்தார். குக்கர் விசில், மனைவியின் பெருமூச்சு, அதற்கான காரணம், எல்லாமே துல்லியமாக விழுந்தன. கைக்கு அடக்கம், ஓசையில் குறையில்லை, சிவப்பு விளக்குதான் சனியன் என்று தீர்ப்பளித்து, விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

மாலையில் மச்சினனோடு அரங்கத்துக்குப் போனார். மைக் காலருக்கடியில், கருவி சட்டைப்பையில். பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு விரதம் உண்டு: மைக் போட்டவன் கைதட்டக் கூடாது, இருமக் கூடாது, வீடு பற்றி எரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது.

பாடகி உச்சத்துக்கு ஏறும்போது வியர்வையில் டேப் கழன்றுகொண்டது. சட்டைப்பை சிவப்பாக எரிந்தது. காவலாளிகள் மூவர் பிடரியைப் பிடித்துத் தூக்கி, வாசலுக்கு வெளியே நடையில் எறிந்தார்கள்.

“குடுடா அதை!”

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. பதில் இல்லை. அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். கதவு திறந்திருந்தது, பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பூனை ரத்தத்தை விழுங்கிவிட்டு, கருவியைக் கைக்குள் பொத்திச் சுருண்டுகொண்டார்.

“மாமா, குடுத்துத் தொலைங்க! கொன்னுருவானுங்க!” என்று அலறினான் மச்சினன். பூனை அவனைத்தான் முறைத்தார்.

“திமிரப் பாரு, வாயே திறக்க மாட்டேங்கறான். விரல ஒடி!”

லென்ஸ் தேய்க்கும் விரல்களில் இரண்டு ஒடிந்தன. பாட்டு முடிந்து, கைதட்டலும் ஓய்ந்த பிறகே பூனை கையை விரித்தார்.

அடித்தவர்கள் கருவியைப் பிடுங்கிக்கொண்டு, முந்திக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். பூனையை மச்சினன் கைத்தாங்கலாகப் பின்னாலேயே கூட்டிவந்தான். புகாரை நம்பினால் பூனைக்குச் சிறை. சிறைக்குப் போனவரைக் கடையில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் ஆயுதம் என்று அவர்களே மேசையில் வைத்த கருவியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அதை முதலிலிருந்து ஓடவிட்டார். பாட்டு, உதை, வசவு, எலும்பு ஒடிந்த சத்தம், கடைசியில் வழிநெடுக மூவரும் புகாரை ஜோடித்த பேச்சு. பூனையின் குரல் மட்டும் எங்குமே இல்லை.

“ஏன்யா, ஒரு ‘ஐயோ’கூடவா வரல?”

“பாட்டு முடியலைங்களே சார்.”

“இவரைக் கட்டிக்கிட்டு எங்கக்கா...” என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் புகார்த்தாளைக் கிழித்தார்.

அன்று பூனை யாரையும் தாக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே ஒரு பாட்டை முழுதாகப் பதிவு செய்தார்.