ஷோஜியின் பெயருக்குக் கீழே ஒரு வரி

ஹிசானோ ஜப்பானில் குமகாயா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் கிடையாது. போர் எப்படி முடிந்தது என்று எழுதி வரச் சொல்லி சரித்திர வாத்தியார் கோடை விடுமுறைக்கு வேலை கொடுத்தால், பிள்ளைகள் நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அவளும் சலிக்காமல் சொல்வாள். குண்டு விழுந்த ராத்திரி ஜனங்கள் முட்டிமோதி ஓடியதில் ஆறு வயதுத் தம்பி ஷோஜியின் கை நழுவிப்போனது. விடிந்ததும் ஆற்றோரத்தில் கருகிக் கிடந்தான். அன்று மதியமே போர் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. விமானங்கள் வருவதற்கு முன்பே டோக்கியோவில் சரணடைய முடிவெடுத்துவிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

பிள்ளைகள் கேட்டு அழுவார்கள். பிறகு பெரிய தாளில் எழுதி, பள்ளி விழாவில் சுவரில் ஒட்டுவார்கள். முடிவில் மட்டும், எந்த வருஷமானாலும், ஒரே வரி: "இவர்களின் உன்னதத் தியாகத்தால்தான் இன்று நமக்கு அமைதி." நினைவுக்கல்லிலும் அதுதான், மேயர் பேச்சிலும் அதுதான். ஆறு வயதுப் பையன் எதைத் தியாகம் செய்தான்?

போர் முடிந்து நாற்பதாம் வருஷம் மினாகோ என்ற பெண் தன் கூட்டாளிகளோடு வந்தாள். பார்லி டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஹிசானோ முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"கண்ணு, என் தம்பி செத்ததால யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல. வீணாத்தான் செத்தான். அதை அப்படியே எழுதுவியா? தியாகம்னு மட்டும் போட்டுடாத."

"எழுதறேன் பெரியம்மா. சத்தியமா."

அந்த வார்த்தையை நம்பி ஹிசானோ விழாவுக்குப் போனாள். இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். சுவரில் ஷோஜியின் பெயர் இருந்தது, ஆற்றங்கரை இருந்தது, வீணாகச் செத்தான் என்பதும் இருந்தது. இன்னும் கிட்டப் போனாள். அதற்கும் கீழே, தூரிகையால், அழகான கொட்டை எழுத்தில் அந்த வரி.

மினாகோ வந்து குனிந்து வணங்கினாள்.

"நீங்க சொன்னதுல ஒண்ணும் விடல பெரியம்மா. ஆனா செத்தவங்களை அப்படியே விட்டா மரியாதையா இருக்காதேன்னு, கடைசி வரியை நானே ரெண்டு நாள் எழுதிப் பழகிப் போட்டேன். நல்லா இருக்கா?"

கள்ளங்கபடமில்லாத முகம். இதை எப்படித் திட்டுவது?

"நல்லா இருக்கு," என்றாள் ஹிசானோ.

அடுத்த கோடையில் வேறு பிள்ளைகள் வந்தார்கள். தனக்குத் தம்பியே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.