பள்ளத்தில் நட்ட நாற்று

எண்பதுகளின் நடுவில், பெருமுக்கல் பக்கம் எங்கள் தெருவுக்குத் தொகுப்பு வீடுகள் ஒதுக்கினார்கள். காங்கிரீட் கூரை. ஐப்பசி தவறாமல் ஒழுகும் கீற்றுக்கடியில் பாத்திரம் வைத்தே வளர்ந்தவன் நான், தலைகால் புரியவில்லை. இடத்தைப் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டது. ஊர்த் தண்ணீரெல்லாம் வந்து தேங்குகிற பள்ளம் அது. பக்கத்திலேயே மேட்டுப் புறம்போக்கு காலியாகத்தான் கிடந்தது.

பி.ஏ. முடித்த சூட்டில் மனு மேல் மனுவாக எழுதினேன். திண்டிவனத்துக்கு பஸ் ஏறி அதிகாரியைப் பார்த்தேன். அவர் பள்ளத்தைச் சித்திரை வெயிலில் பார்த்தவர்.

“பாறையாட்டம் இருக்குதுப்பா தரை. அங்க எங்க தண்ணி நிக்கப்போவுது? ரெண்டு வாரத்துல அளவு போட வர்றேன், போ.”

புரட்டாசி மழை பெய்து பள்ளம் நிறைந்திருந்த நேரம். நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்த அத்தையிடம் புலம்பினேன்.

“உன் மனுவ படிச்சாரா, பொட்டலம் கட்டுனாரா?” என்றாள். தெருவே சிரித்தது.

“நேர்ல பாத்தா நம்புவாரு அத்த.”

“அவரு ஆடி அசைஞ்சி வர்றதுக்குள்ள தண்ணி வடிஞ்சி பூடும். அப்புறம் என்னாத்தக் காட்டுவ?”

தண்ணீர் வடியும். அது நின்றதற்குச் சாட்சி வடியாமல் இருந்தால்?

“நாத்து மீந்துச்சா அத்த?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பரவால்ல, படிப்பு கொஞ்சம் ஏறிக்கினுதான் இருக்குது.”

விடிந்ததும் பள்ளத்தை மிதித்தே சேறாக்கினோம். தினமும் அடுத்தவர் கழனியில் குனிகிற பெண்கள் எங்கள் மனைகளில் வரிசை பிடித்தார்கள். என் வரிசை மட்டும் கோணல்.

“மனு எழுதுற கை இல்ல, அப்படித்தான் போவும்,” என்றாள் அத்தை.

சொன்னபடி ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி பச்சைப் பயிரைப் பார்த்துத் திகைத்தார்.

“யாரு கழனி இது? நம்ம இடம் எங்க?”

“இதான் சார் எங்க வூடு,” என்றாள் அத்தை. “செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க. முழங்கால் வரைக்கும்தான் இறங்கும்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்று ஒன்றை இழுத்துப் பார்த்தார், வேர் பிடித்திருந்தது. பிறகு திரும்பி, “அந்த மேடு புறம்போக்குதானே?” என்றார். கூட வந்தவர்கள் அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். மேட்டில் ஓடினேன் பாருங்கள், அப்படி ஓடியதே இல்லை.

தையில் பள்ளத்தை அறுத்தோம். அந்த நெல்லைத் தனியாக எடுத்து வைத்து, மேட்டு வீடுகளில் குடிபுகுந்த அன்று முதல் உலையில் போட்டோம். வெளியே மழை. பாத்திரமெல்லாம் அடுப்பில் இருந்தது.