கயிற்றுக்கு வெளியே அறுபது மடங்கு ஜூம்

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். புக்கிட் செந்தோசாவில் ஆசிரியை. 'ஐயா, உங்கள் பத்தியைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்னபடியே ஜூம் பெரிதாக உள்ள கேமராவாகப் பார்த்து வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் மண்டபத்தில் மகளின் நடனம். மிக்க நன்றி.'

வழக்கமாக இப்படி ஒரு கடிதம் வந்தால் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். இதை யாருக்கும் காட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் இதே இடத்தில், 'கேமரா வாங்கப் போகிறீர்களா? ஜூமைப் பாருங்கள், மற்றதெல்லாம் வியாபாரப் பேச்சு' என்று எழுதியவன் நான்தான். எழுதியபோது அந்தக் கேமரா என் கைக்கு வந்து ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். அதோடு, அந்த ஜூம் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதையும்.

என் பெரியப்பா மகள் சரோஜா அக்கா கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கான நர்சரியில் வேலை. கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கன்று வைப்பது. வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை வேறு. அவருக்கு ஒரே மகன், பிரகாஷ். சில வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி இடித்துவிட்டது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே அக்கா வேண்டிக்கொண்டார் — பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் குழி இறங்குகிறேன் என்று. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி.

பிரகாஷ் பிழைத்தான். இப்போது சிங்கப்பூரில் வேலை. அக்கா இரண்டு வருடம் இறங்கிவிட்டார். இது மூன்றாவது, கடைசி வருடம். பிரகாஷுக்கு லீவு கிடைக்கவில்லை.

அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீ ஒன்பது நாள் சைவமா இருந்து காப்பு கட்டிக்க. கட்டினாதான் கயித்துக்குள்ள விடுவாங்க. கிட்ட நின்னு ஒரு படம் எடுத்துக் குடு. ஒன்னு போதும். யாருக்காக இறங்கினேனோ அவன் பாக்கணும்லா."

அந்தக் கோயிலில் அது கட்டுப்பாடு. தீக்குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். விரதம் இருந்து, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியவர்தான் உள்ளே நிற்கலாம். மற்றவர்கள் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வெளியேதான்.

"அதுக்கென்னக்கா, கட்டிக்கிட்டாப் போச்சு" என்றேன்.

மூன்று நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். நான்காம் நாள் ரவாங்கில் எங்கள் அலுவலகத்தில் மலாய்ச் சமையல் விருந்து. கோழி ரெண்டாங். மேசையைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் தட்டை எடுத்தேன்... தட்டை எதற்கு எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் பிறகு கேட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே மனம் அடுத்த ஏற்பாட்டில் இறங்கிவிட்டது. உள்ளே போக முடியாது, சரி. வெளியே நின்று எடுத்தால் என்ன? அதற்குத்தானே ஜூம்? அக்காவிடம் உண்மையைச் சொல்வதைவிடப் புதுக் கேமரா வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. எப்படிப்பட்ட ஆள் பாருங்கள்!

மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் ஜூம் மூன்று மடங்குதான். இன்னொன்று அறுபது மடங்கு. அதன் பெட்டியில் நூற்றிருபது என்றே பெரிதாகப் போட்டிருந்தது.

"அதுல பாதி டிஜிட்டல் ஜூம்ணே. படத்த வெட்டிப் பெருசாக்குறது. அத நாம வீட்ல கம்ப்யூட்டர்லயே செய்யலாம்" என்றாள்.

"அறுபது இருக்கில்ல? அது போதும்."

"இருக்கு. ஆனா இதுல படம் விழுற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். மூணு மடங்குல உள்ளது தபால்தலை சைஸ். வெளிச்சம் கொறஞ்சா சின்ன சென்சார் திணறும்ணே. படம் பொரிப்பொரியா வரும். என்னா எடுக்கப் போறீங்க?"

"தீமிதி."

"சாயங்காலமா? நடந்துக்கிட்டே இருப்பாங்க... அப்ப யோசிக்கவே வேணாம்ணே, மூணு மடங்கு எடுங்க. கிட்ட போயி எடுங்க."

"கிட்ட போக முடியாதும்மா."

"ஏன்?"

"கூட்டம்" என்றேன்.

இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சின்னதாக இருக்கிறது, பார்த்தீர்களா?

அவள் விடவில்லை. கடைக்குள்ளேயே இரண்டு கேமராவிலும் அலமாரி மேலிருந்த ஒரு பொம்மையை எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். ஒன்றில் பொம்மையின் சட்டையில் நூல் தெரிந்தது. அறுபது மடங்கில் எடுத்ததில் ரவையைத் தூவியதுபோல் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, உச்சி வெயிலில், எதிர்ச்சாரி சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலை ஜூம் செய்தேன். தே தாரிக் டீயின் விலை வரைக்கும் தெரிந்தது!

"பார்த்தியாம்மா?" என்றேன்.

"வெயில்லணே..." என்று இழுத்தாள். நான் வங்கி அட்டையை நீட்டிவிட்டேன்.

கேமரா வாங்கப் போகிற எல்லாரும் படத்தின் தரத்தைப் பற்றித்தான் கேட்கிறோம். ஆனால் கடையில் வேறு ஒன்றைத்தான் தேடுகிறோம். நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதற்கு ஒரு சாட்சி. எனக்குத் தே தாரிக் விலை சாட்சி சொல்லியது. அன்று மாலையே வீட்டு மாமரத்து அணிலைப் படம் எடுத்துப் பார்த்துப் பூரித்து, மறுநாள் உட்கார்ந்து உங்களுக்கு அந்தப் பத்தியை எழுதினேன்.

பத்தி வெளியான ஞாயிற்றுக்கிழமைதான் தீமிதி. மதியமே கோலா சிலாங்கூர் போய்விட்டேன். புக்கிட் மாலாவாத்தியில் குரங்குகளை எடுத்தேன். குட்டிக் குரங்கின் இமை மயிரை எண்ணலாம், அத்தனை துல்லியம். தலைகால் புரியாமல் அக்கா வீட்டுக்குப் போனால், மேசையில் பேப்பர். என் பத்தி மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தார். வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் காட்டியாகிவிட்டதாம்.

"எந் தம்பி புது கேமராவோட வருதுன்னு பிரகாஷ்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். வெறுங்கை.

"கூட்டமா இருக்கும்க்கா. வெளிய இருந்தே எடுத்தா முழுசா விழும். இதுல ஜூம் அப்படி."

அக்கா சரியென்று தலையாட்டினார். பேப்பரில் போட்டிருக்கிறதே, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாலை ஆறரை. மழை மேகம். செம்பனை ஓரம் நிறுத்தியிருந்த ஒரு லோரியின் பின்பக்கம் ஏறி நின்றேன். உறுமி முழங்கியது. குழியிலிருந்து புகை. மஞ்சள் சேலைகள் ஒவ்வொன்றாகக் குழியை நோக்கி வர ஆரம்பித்தன. நான் ஜூமைத் தள்ளினேன்.

ஜூம் தள்ளத் தள்ள என்ன ஆகும் தெரியுமா? கேமராவுக்குள் வெளிச்சம் குறையும். கை நடுக்கமும் அறுபது மடங்காகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வை சுருங்கிவிடும். பால் டின்னில் ஓட்டை போட்டு அதன் வழியாகத் திருவிழா பார்ப்பது மாதிரி. அக்கா வரிசையில் எங்கே என்று தேடுவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஒரு மஞ்சள் சேலை கிடைத்தது. இழந்தேன். மறுபடி பிடித்தேன். குழி தாண்டும்வரை விடாமல் அமுக்கினேன். முப்பது படமாவது இருக்கும்.

லோரியை விட்டு இறங்கும் முன்பே திரையில் பார்த்துவிட்டேன். முப்பதும் புகையில் கரைந்த மஞ்சள். முகம் இல்லை. கால் இல்லை. ரவை மட்டும் தாராளமாக இருந்தது.

அக்கா ஈரச் சேலையோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "விழுந்துச்சா தம்பி?"

"கார்டு ரோசாக் ஆயிருச்சுக்கா" என்றேன். "கெட்டுப்போச்சு. ஒன்னும் பதியல."

மூன்றாவது பொய். இந்தத் தடவை அது சின்னதாக இல்லை. அக்கா ஈர முந்தானையைப் பிழிந்தார். பிறகு, "பரவால்ல, நீ சாப்பிட்டுட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். அதுவும் செய்தேன்.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன். காலில் ஒரு கொப்புளம், இன்னும் ஆறவில்லை, கிளினிக்கில் டாக்டர் திட்டினாராம் — சர்க்கரையோடு இனி இந்த வேலை வேண்டாம், காலே போய்விடும் என்று.

"நல்ல வேளைக்கா, மூணு வருஷமும் முடிஞ்சிருச்சு" என்றேன்.

"முடியல தம்பி."

"என்னக்கா?"

"ரெண்டு வருஷம் ஒன்னும் ஆவல. இந்த வருஷம் கால் பொத்துப்போச்சு. படமும் நிக்கல. புது கேமரா, புது கார்டு, அது எப்படி ரோசாக் ஆவும்? ஆத்தா ஏத்துக்கல. நான் எதுலயோ கொற வச்சிட்டேன். அடுத்த வருஷமும் எறங்குறேன்."

குறை வைத்தது யார்? கோழி ரெண்டாங் தின்றது யார்? என் பொய்யை அந்த மனுஷி அம்மன் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு, ஆறாத காலோடு இன்னொரு தடவை நெருப்பில் இறங்கத் தயாராகிறார். அன்றைக்கு அதை என்னால் போனில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததும் வெட்கமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அக்கா காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு கெடவில்லை. கூட்டம் காரணமில்லை. விரதத்தை முறித்தேன். அதை மறைக்கத்தான் ஜூம் வாங்கினேன்.

அக்கா கேட்டார்: "என்னா கறி?"

"கோழி ரெண்டாங்."

"தட்ட எதுக்கு எடுத்த?"

கேமரா பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"நல்லாயிருந்துச்சா?"

"...இருந்துச்சுக்கா."

"ம். படத்தக் காட்டு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் திரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நான்காவது படத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இது நான் இல்ல."

"அக்கா?"

"பச்ச ரவிக்க போட்டிருக்கு பாரு. நான் செவப்பு. அன்னிக்கு நீ வீட்டுக்கு வந்தப்பவே செவப்புதான் போட்டிருந்தேன்."

எல்லாப் படத்தையும் பார்த்தோம். முப்பதிலும் பச்சைதான். அத்தனை கலங்கலிலும் அந்தப் பச்சை மட்டும் தெரிந்தது. முப்பது படமும் யாரோ ஒரு பெண்மணி. என் அக்கா நெருப்பில் நடந்த அந்த நேரம் முழுவதும் நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்காதது போகட்டும்... அவர் நடந்ததைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அன்று வீட்டில் ரவிக்கை நிறத்தைக் கவனிக்காமல், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், புதுக் கேமராவைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை. இதை எழுதும்போதும் முடியவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் முகமோ தெளிந்திருந்தது.

"அப்ப ஆத்தா ஏத்துக்கிட்டா" என்றார். "நீதான் ஒழுங்கா இல்ல."

"ஆமாக்கா."

"அப்ப நான் அடுத்த வருஷம் எறங்க வேண்டியதில்ல."

"வேணாம்க்கா. சத்தியமா வேணாம்."

"பிரகாஷ்கிட்ட நீயே சொல்லு." போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

சொன்னேன். மருமகனிடம் இப்படித் திக்கித் திணறி நான் பேசியதேயில்லை. கேட்டு முடித்துவிட்டு அவன், "படம் கெடக்குது மாமா. அம்மா கால் எப்படி இருக்கு? கிட்ட போயிப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

அப்போதுதான் குனிந்து கட்டைப் பார்த்தேன். வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டீச்சர், உங்களுக்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் வாங்கிய கேமராவில் உச்சி வெயில் குரங்குகள் அபாரமாக விழும். மண்டபத்துக்குள் மகள் ஆடும்போது நம்பாதீர்கள். முதல் வரிசைக்குப் போய்விடுங்கள். போக முடியாதபடி ஏதாவது காரணம் இருந்தால், முதலில் அந்தக் காரணத்தைச் சரிசெய்யுங்கள். படம் எடுக்காமல் பார்த்தாலும் நஷ்டமில்லை.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்தார்.

"தம்பி, அடுத்த வருஷம் நீ எறங்கு. நான் காப்பு கட்டிக் கயித்துக்குள்ள நின்னு, எம் போன்லயே எடுக்குறேன். கிட்ட நின்னா நல்லா விழும்."

இந்தத் தடவை கூட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.