கடைசிப் பதினாறு பக்கம்

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் இருந்தார். அவர் மனைவி இருந்தார். எங்களோடு பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிற பத்தாம் நம்பர் வீட்டுப் பெண் இருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அவள் புருஷன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் புத்தகத்தோடு இருந்தேன். எழுபத்து நாலாம் வருஷம், மலேசியாவில் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற ரப்பர் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

தோட்டத்துப் பள்ளியில் நான் நாலாவது வரைதான் படித்தேன். ஆனாலும் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் உரக்க வாசிக்க ஆள் நான்தான். அந்த நாவலை ஈப்போவில் பழைய புத்தகம் விற்கிற இடத்தில் வாங்கினேன். வாராவாரம் கொஞ்சம் வாசிப்பேன். முன்கூட்டியே படித்து வைக்கிற பழக்கம் இல்லை. அவர்களோடு சேர்ந்துதான் எனக்கும் கதை தெரியும்.

அன்று கதையில் தோணி கவிழ்ந்தது. கதாநாயகியை ஆறு இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தாளைத் தேடினேன். இல்லை. அட்டைதான் இருந்தது.

“அப்புறம் என்னாச்சுண்ணே?” என்றாள் பத்தாம் நம்பர் வீட்டுப் பெண்.

அவளுக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். தாள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அட்டையைப் பார்த்தபடியே வாசிப்பதுபோல் சொன்னேன். மாமன் மகன் குதித்தான், முடியைப் பிடித்து இழுத்தான், கரை சேர்த்தான், கல்யாணம் நடந்தது. முற்றும்.

அவள் பெருமூச்சு விட்டாள். “பொம்பளப் பிள்ளைன்னா இவ பேருதான் வைக்கப் போறேன்.”

“வைம்மா, நல்ல பேருதான்லா” என்றார் மண்டோர் மனைவி.

கதையில் அவள் செத்துப்போயிருந்தால்? ஆற்றோடு போனவள் பேரை அந்தப் பிள்ளைக்கு வைக்க வைத்தவன் நான்தானே.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெண்ணின் பேரும் ராமநாதபுரம் ஜில்லா விலாசமும் இருந்தன. இரவல் வாங்குபவர் திருப்பித் தரவும் என்று கீழே ஒரு வரி. அந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். நாலு வரி எழுத ஒரு பின்னேரம் ஆனது. புத்தகம் என்னிடம் இருக்கிறது, கடைசியில் தாள் இல்லை, அவள் பிழைத்தாளா என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில் வரவில்லை. பிள்ளை பிறந்தது. பெண். பூஞ்சை உடம்பு. முப்பதாம் நாள் அந்தப் பேரையே வைத்தார்கள். சாப்பிடப் போனேன். பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளை இருமினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபோது ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஒரு கனத்த உறையை என்னிடம் நீட்டினார்.

“என்னடா, இந்தியாவுல பொண்ணு கிண்ணு பார்த்துட்டியா? கடுதாசி இந்தக் கனம் கனக்குது!”

உள்ளே எட்டுத் தாள், பதினாறு பக்கம். புத்தகத்தின் தாள்களேதான். கூட ஒரு கடிதம். அந்த அம்மா எழுதியிருந்தார்: கடைசித் தாள்கள் தையல் விட்டுக் கழன்றதால் அவற்றை மட்டும் பெட்டியில் பத்திரப்படுத்தினாராம். மிச்சத்தைக் கொழுந்தன் கப்பலில் படிக்க என்று இரவல் வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டாராம். ‘என்னிடம் முடிவு மட்டும் இருக்கிறது. தைத்து ஒரு தடவை அனுப்புங்கள். படித்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்.’

நடந்துகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் அவள் கண் விழித்தாள். கையிலிருந்த பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளைக் காப்பாற்றியது மாமன் மகன் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். கல்யாணமும் இல்லை.

அந்த ஞாயிறு அதே ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன்.

மண்டோர் சிரித்தார். “மரத்தைவிடக் கதையை நல்லா வெட்டுறேடா நீ.”

பத்தாம் நம்பர் வீட்டுப் பெண் மடியில் பிள்ளையோடு இருந்தாள். “எனக்கு அன்னைக்கே தெரியும்ணே” என்றாள். “கல்யாணம் வரைக்கும் வாசிச்சீங்க. ஒரு தாள்கூடத் திருப்பலை.”

“அப்புறம் ஏன் அந்தப் பேரை வச்சே?”

“அவ சாகக்கூடாதுன்னு ஒருத்தர் பொய் சொல்லியாச்சும் காப்பாத்தியிருக்காரு. அது கெட்ட பேரா?”

பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

சாக்குத் தைக்கிற ஊசியால் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கப்பல் தபாலில் அனுப்பினேன். அந்த அம்மா படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘இனி உங்கள் முறை.’ அப்படியே சில வருஷம் புத்தகம் போவதும் வருவதுமாக இருந்தது. நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நான் ஈப்போவில் சிலிபின் பக்கம் வந்துவிட்டேன். எண்பத்தாறில் பத்தாம் நம்பர் வீட்டுப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, நல்ல திடம். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தோணி கவிழ்ந்ததிலிருந்து தன் பேர்க்காரி பிழைத்துக் கதை முடிகிறவரை தானே உரக்க வாசித்தாள். தடங்கலே இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும், நான் படித்த பாடம் அவ்வளவுதான். ஆனாலும் அன்று அப்படிச் சொல்லாததற்கு இன்றுவரை என்னால் வருத்தப்பட முடியவில்லை. அவள் வாசித்து முடிக்கும்வரை தாள் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணினேன். எட்டு.