நின்றுவிட்டேன் என்று எழுதியது

எங்கள் தெருவில் என்னை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டக் கல்லூரியில் ஒரே ஒரு வருடம் இருந்துவிட்டு ஓடிவந்தவன் நான். இப்போது சத்துவாச்சாரியில் ஒரு அலுவலகத்தில் தபால்களுக்குப் பதில் தட்டுகிறேன். அரைக் கிணறு தாண்டியவன் என்று சொல்லி யாரையும் நான் திருத்தியதில்லை. அந்தப் பட்டம் காதுக்கு இனிப்பாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய் வந்தவர். பன்னிரண்டு வருடம் பசை ஒட்டும் வேலை. நெடி தாங்கவில்லை, ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனைச் சரிபண்ணுங்கள் என்று சூப்பர்வைசரிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார். மறுநாள் கம்பெனி கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“வேலைய விட்டு நின்னுட்டேன் தம்பி. திரும்பச் சேத்துக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்களேன்” என்று என்னிடம் வந்தார்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். துரத்தியே விட்டாலும் நின்னுட்டேன் என்போம். வெளியே தள்ளினார்கள் என்று சொல்ல நாக்கு கூசும். அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், ‘நான் பணியிலிருந்து நின்றுவிட்டேன்’ என்று நல்ல தமிழில் எழுதினேன். வாசித்துக் காட்டும்போது என் குரலை நானே ரசித்தேன்.

தொழிலாளர் அலுவலகத்து விசாரணைக்கு நானும் கூடப் போனேன். கம்பெனி ஆள் மனுவைப் பார்த்துவிட்டு, “அவங்களே நின்னுட்டதா எழுதியிருக்காங்க சார். நாங்க நிறுத்தலயே” என்றார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வேறு தேதி போட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நான்கு நாள் அவர் வாசலைத் தாண்டப் பயந்து சந்து வழியாகப் போனேன். ஐந்தாம் நாள் நூலகத்துக்குப் போனேன். வருடக்கணக்காக அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பவன். சட்டப் புத்தகங்கள் மாடியில் இருப்பதே எனக்குத் தெரியாது. தொழிலாளர் சட்டம் தமிழில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டேன்.

“இருக்கு. வெளிய தர மாட்டோம், இங்கியே படிக்கணும். இப்ப அது ஒரு அம்மா கையில இருக்கு. மூணு நாளா காலைலயே வந்துடுறாங்க.”

மாடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகளின் பழைய பள்ளி நோட்டு. சத்தமில்லாமல் இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

“இன்னா தம்பி, நீங்களும் இதத் தேடித்தான் வந்தீங்களா? உக்காருங்க.”

தப்பு என்னுடையதுதான் என்று முனகினேன்.

“நான் சொன்னதத்தான எழுதினீங்க” என்றார்.

சொன்னதை அப்படியே எழுத வக்கீல் எதற்கு?

அவர் நோட்டைத் திருப்பி வைத்தார். தானாக விலகுவது வேறு, நீக்கப்படுவது வேறு என்ற பகுதியை வரி விடாமல் பார்த்து எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் புது மனு. முதல் வரி: ‘நான் நிற்கவில்லை. என்னை நிறுத்தினார்கள்.’

“சட்டம் நான் பாத்துட்டேன் தம்பி. எழுத்துப் பிழை மட்டும் பாருங்க.”

பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது. நான் எழுதிய மனுவைவிட அந்த ஏக்கத்தை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.