ஒரு சிலிண்டர் எடையில் ஒரு படகு

இன்று காலை சிலிண்டர் போடுகிறவர் வந்தார். மாடிக்குத் தூக்கி வர இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, படிக்கட்டின் அடியிலேயே இறக்கிவிட்டுப் போனார். குளித்துவிட்டு வந்து தூக்கிக்கொள்வதாகக் கணவர் சொன்னார். நான் இறங்கிப் போய், கைப்பிடி வளையத்துக்குக் கீழே பெயின்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். பதினைந்தே கால் கிலோ. அது இரும்பின் எடை மட்டும். உள்ளே இருக்கும் எரிவாயு பதினான்கு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் முப்பதுக்குச் சற்றே குறைவு. மற்றவர்களுக்கு இது ஒன்றரை மாதச் சமையல். எனக்கு இது ஒரு படகின் எடை. அப்படிப் பார்க்கப் பழக்கியவர் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அக்கா.

மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் வரைபடப் பிரிவு. அவர் தரப் பரிசோதனை. நான் வரைந்து கொடுத்ததைப் பட்டறையில் செய்வார்கள். செய்ததை அவர் அளந்து பார்த்து, சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்புவார். அளவு கொஞ்சம் பிசகினாலும் வேலைக்கு ஆகும் என்று கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும் தாளுக்கு எங்கள் தொழிற்சாலையில் டீவியேஷன் என்று பெயர். அந்தத் தாளில் அக்கா கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. மேனேஜர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். அக்காவின் பேனா மூடி திறக்கவே இல்லை.

அவர் பிறந்தது கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். எட்டு வயதில் அப்பாவின் கட்டுமரத்தில் விளையாட்டாக ஏறி உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு வலையில் ஒன்றும் படவில்லை. பெண் ஏறிய மரம் என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்களாம். முதுகில் விழுந்த அடியை அக்கா பெரிதாகச் சொல்ல மாட்டார். அந்த மஞ்சள் தண்ணீரைத்தான் சொல்வார். அதற்குப் பிறகு படித்து, வேலைக்கு வந்து, பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்தமாக வீடும் கட்டிக்கொண்டார். ஏரித் தண்ணீருக்குப் பயந்து கீழே வெறும் தூண்கள், மேலே இரண்டு அறைகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் இல்லாததால் கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. ஐம்பத்து மூன்றாவது வயதில், அந்த இடத்தில் ஒரு பாய்மரப் படகு செய்யப்போகிறேன் என்று கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு நடுவில் அறிவித்தார்.

படகு செய்வதைவிட எந்தப் படகு என்று முடிவு செய்வதற்குத்தான் அதிக நாள் ஆனது. வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னப் படகுகளின் வரைபடங்களை இணையத்திலிருந்து எடுத்து, மூன்றை மட்டும் நிறுத்தினோம். முதலாவது பதினான்கு அடி, முன்னால் சின்ன அறை, பார்த்தாலே ஆசை வரும். பட்டறை ஆண்கள் எல்லாரும் அதற்கே ஓட்டுப் போட்டார்கள். செய்வதுதான் செய்கிறீர்கள், நாலு பேர் போகிற மாதிரி செய்யுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இரண்டாவது பதினோரு அடி, இருவர் உட்காரலாம். எனக்குப் பிடித்தது அதுதான். மூன்றாவது எட்டடி நீளத்தில் மூக்கு வெட்டுப்பட்ட ஒரு பெட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி போல இருந்தது. அதைச் சும்மா எண்ணிக்கைக்காகத்தான் வைத்திருந்தோம்.

அக்கா வேகத்தைக் கேட்கவில்லை, அழகைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத்த எத்தினி பேரு தூக்கணும்?"

பதினோரு அடிப் படகுக்கு இரண்டு பேர் போதும் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். நான் வந்து ஒரு கை பிடிக்க மாட்டேனா என்று கேட்டேன்.

"நீ வர அன்னிக்கு மட்டும்தான் நான் போவணுமா? நீ இல்லாங்காட்டி எங்கண்ணன் கிட்ட போய் நிக்கணும். தூக்கிவுட வர்றவன், எறங்குன்னு சொல்லவும் வருவாம்மா." பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நெறை சிலிண்டர ஒண்டியா மாடிக்குத் தூக்கினு போறேன். அதுக்கு மேல ஒரு கிலோ கூடினாலும் அந்தப் படகு எனக்கு வேணாம்."

அத்தோடு பதினான்கடியும் பதினோரடியும் போயின, தொட்டி ஜெயித்தது. ஆண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர்கள் மேல் இல்லை. அந்தத் தொட்டியின் வரைபடத்தில், வேண்டுமானால் இன்னொருவர் உட்கார ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. பலகை அறுப்பதற்காக அந்தப் படத்தை நான் முழு அளவில் மறுபடி வரைந்தபோது, யாரையும் கேட்காமல் அந்தப் பலகையையும் சேர்த்துவிட்டேன். இன்னொருவர் என்றால் வேறு யார், நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. மெல்லிய ப்ளைவுட்டை அறுத்து, விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பிசின் பூசினோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஏரி உடைந்தால் எங்களையும் ஏற்றிக்கொள்வீர்களா என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வாரம் தவறாமல் கேட்பார். ஓராளுக்குத்தான் இடம் சார் என்று அக்காவும் வாரம் தவறாமல் பதில் சொல்வார். ஒவ்வொரு முறையும் என் கண் அந்த இரண்டாவது பலகைக்குப் போய்வரும்.

பெயின்ட் காய்ந்த பிறகு எடை பார்த்தோம். தூண்களுக்கு மேலே இருந்த உத்தரத்தில் அக்கா ஒரு நீண்ட இரும்புக் குழாயை நடுவில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு முனையில் அன்றைக்கு வந்த நிறை சிலிண்டர், இன்னொரு முனையில் படகு. படகு பக்கம் இறங்கியது. அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இரண்டாவது பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். குழாய் மெதுவாக நிமிர்ந்து சமமாக நின்றது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு வலித்தது. அவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளும் வீண் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அந்த வாரமே இன்னொரு அடி. அதே வகைப் படகு ஒன்றின் போட்டோவைத் தற்செயலாகப் பார்த்தேன். படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு பக்கப் பலகை உண்டு. போட்டோவில் அது இடப்பக்கம் இருந்தது. எங்கள் படகில் வலப்பக்கம். யோசித்ததும் புரிந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில், ஒரு பொருளை மேலிருந்து பார்க்கும் தோற்றத்தைத் தாளின் கீழ்ப்பாதியில் வரைவோம், அடியிலிருந்து பார்ப்பதை மேல்பாதியில். படகை வரைந்தவரின் நாட்டில் நேர் எதிர். இருபது வருடப் பழக்கத்தில், தாளின் மேல்பாதியில் இருந்த படத்தை அடித்தோற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. முதல் மாதப் பயிற்சி மாணவர்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டார், அவருக்குத்தான் எந்தப் பழக்கமும் கிடையாதே.

ஞாயிறன்று போய் ஒப்புக்கொண்டேன். சிவப்புச் சீட்டுக்குத் தயாராகத்தான் போனேன். அக்கா பக்கப் பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அளந்து பார்த்தார், படகைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். வேலை செய்யுமா என்று கேட்டார். இந்தப் பக்கம் இருந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும் என்றேன். மார்க்கர் பேனாவை எடுத்து, படகின் உள்பக்கம், இரண்டாவது பலகை இருந்த இடத்துக்கு மேலே எழுதினார்: டீவியேஷன், ஏற்றுக்கொள்ளப்பட்டது. கீழே கையெழுத்து. எந்த மேனேஜருக்கும் கிடைக்காத கையெழுத்து.

கோவளத்துக் கழிமுகத்தில் இறக்கினோம். குட்டி யானை சரக்கு வண்டி மணலோரம் நின்றதும், சேதி தெரிந்து அக்காவின் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. வயதாகியிருந்தார், தங்கை தடுமாறுவாளே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பக்கப் பலகை வலப்பக்கம் இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே, தூக்குவதற்காகப் படகின் விளிம்பில் கை வைத்தார்.

"கைய எடுண்ணா," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "இது உன் மரம் இல்ல."

அவர் கையை எடுத்தார். அக்கா குனிந்து, படகைக் கவிழ்த்து முதுகில் ஏற்றிக்கொண்டு, ஆமை மாதிரி தண்ணீருக்கு நடந்தார். நானும் கை கொடுக்கப் போகவில்லை. அந்த நாற்பது அடி தூரத்தில்தான், அவர் ஏன் நான் சேர்த்த இருக்கைப் பலகையைக் கழற்றினார் என்று எனக்கு விளங்கியது. ஓர் ஆள் ஏற இடம் கொடுத்தால், அந்த ஆளுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். எட்டு வயதிலிருந்து காத்திருந்தவர் அவர். நீலப் பாய் காற்றைப் பிடித்தது. அண்ணன் கரையில் நின்று, படகு வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா கோவளத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்துவிட்டார். காலை வேளையில் போன் செய்தால் எடுப்பதில்லை. எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

என் மேஜையிலும் இப்போது இரண்டு வரைபடங்கள். நாலு பேர் போகலாம் என்று கணவர் ஆசையாக எடுத்துக் கொடுத்தது ஒன்று. அந்தத் தொட்டி இன்னொன்று. பத்து நாளாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கினேன். ஆறாவது படியில் இறக்கி வைத்தேன். பன்னிரண்டாவதில் மறுபடி. பதினெட்டாவது படி ஏறி, சமையலறை மூலையில் வைத்தேன். நான் தூக்க மாட்டேனா, ஏன் இந்த வேலை என்று தலையைத் துவட்டிக்கொண்டே கணவர் கேட்டார். நல்ல மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய், நாலு பேர் படகை மடித்து வைத்துவிட்டு, தொட்டியை எடுத்து வரைய உட்கார்ந்தேன். இந்த முறை தாளை ஒழுங்காகத்தான் படித்தேன், பக்கப் பலகை இடப்பக்கம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் அக்காவின் படகில் இருப்பது போல வலப்பக்கம் வரைந்தேன்.