கங்காவின் வீட்டுக்காரன்

மணிமங்கலம் சின்னப்பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவன். 2011 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வேலைக்குப் போயிருந்தபோது, மனைவி கங்கா வீட்டில் தற்கொலை செய்துகொண்டாள். கல்யாணமாகி நாலு வருஷம்தான். ஏழு வருஷத்துக்குள் இப்படி நடந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. காரியம் முடிவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வரதட்சணை கேட்டியா? அடிச்சியா?"

"இல்ல சார்."

"சண்ட?"

"சண்ட இல்லாத வூடு எங்க சார் கீது?"

"அப்புறம் ஏன்?"

அதை அவன்தான் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. கங்காவின் அம்மா கிளியம்மாள், மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டாள். அதோடு கேஸ் முடிந்தது. ஊர் முடிக்கவில்லை. அவன் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் பெண்கள் அவனுக்குப் பின் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள்.

முப்பதாம் நாள் படையலன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் அவன் வாய்விட்டுச் சொன்னான்.

"அத்த, அன்னிக்குக் காலைல, 'இன்னிக்கு லீவு போடேன்'னு கேட்டா. படப்பை ஸ்டாப்புல ஷிப்டுக்கு நாப்பது பேரு நின்னுகினு இருப்பாங்கன்னு கெளம்பிட்டேன். இத ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நான் சொல்லல."

கிளியம்மாள் இலையை மூடாமலே எழுந்தாள். "கையெழுத்து போட்டப்புறம் சொல்றியா?"

தன் ஊர் வல்லக்கோட்டைக்குப் போனவள் ஒன்றரை வருஷம் வரவில்லை. அத்தனை நாளும் அவன் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆட்களை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பும்போது, "வெவரமா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி!" என்று ஸ்டியரிங்கைக் குத்துவான். வேறு பெண் பார்க்கலாம் என்ற அண்ணனோடு பேச்சை விட்டான்.

2013 பொங்கல் கழித்துக் கிளியம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எனக்கும் அன்னிக்கு போன் பண்ணா மாப்ள. ரேஷன்ல நிக்கிறேன், அப்பால பேசறேன்னு வச்சிட்டேன். ஆபீஸ்ல நானும் சொல்லல."

கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி, இன்னொருத்தியும் மாட்டிக்கொண்டாள் என்று. அடுத்த நொடியே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"நீ பேசியிருந்தா மட்டும் இருந்திருப்பாளா? யாருக்கு அத்த தெரியும்?"

"தெரியலியே. அதான் கொல்லுது."

உள்ளே வந்து உட்காரச் சொன்னான்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை மீன் வாங்கிக்கொண்டு வருகிறாள். குழம்பு கொதிக்கும்போது இரண்டு பேருமாகக் கங்காவைத் திட்டுவார்கள், பிடிவாதக்காரி, வாயைத் திறக்காதவள் என்று. மற்றவர்கள் முன்னால் அவளைத் திட்டவும் முடியாது, பேரைச் சொல்லவும் முடியாது.